மூன்றாம் குடோனில் காணாமல் போன ஈரப்பதம்

சுல்ஃபத்துக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, கம்ப்யூட்டர் படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவள். தமிழ் வீட்டுக்குள் மட்டும். அதனால் அவள் நோட்டுப் புத்தகம் ஒரு தினுசாக இருக்கும். மனசில் ஓடுவது தமிழ், எழுதுவது மலையாள எழுத்து, நடுநடுவே ஆங்கிலத்தில் புரோகிராம் வரிகள். வேறு யார் எடுத்துப் பார்த்தாலும் தலையும் புரியாது வாலும் புரியாது.

அவள் அத்தா நைனா முகம்மது பஜார் ரோட்டில் சாக்கும் சணல் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். மகள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "மிளகு மூட்டைக்கெல்லாம் பேரு வச்சு உள்ள அடுக்குறா" என்பார். அது பெரிய பொய்யும் இல்லை.

1996-இல் அவள் ராமபத்ரன் என்பவர் நடத்திய சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். பாண்டிகசாலை என்று அங்கே சொல்லும் ஒரு பழைய சரக்குக் கிடங்கின் மாடியில் மூன்று அறை, ஐந்து கம்ப்யூட்டர். கீழே மிளகும் சுக்கும் அடுக்கியிருக்கும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பொடி உதிரும், தும்மல் வரும். முதல் நாலு வருஷம் கல்யாண மண்டபங்களுக்கும் ஒரு லாட்ஜுக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2000 கடைசியில்தான் பெரிய வேலை வந்தது. அடுத்த தெருவில் இருந்த மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, தன் குடோன்களில் இருக்கிற ஒவ்வொரு லாட்டின் வரலாற்றையும் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது.

லாட் என்றால் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் வந்த மூட்டைகளின் கூட்டம். அது வந்தபடியே இருப்பதில்லை. மூன்று லாட்டைக் கலந்து ஒன்றாக்குவார்கள். அதைச் சலித்துத் தரம் பிரித்தால் இரண்டாகும். அதில் ஒன்று வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்குக் கப்பலேறப் போகும், மற்றது வேறொன்றோடு சேரும். கடைசியில் ஜெர்மனியில் ஒருவன் ஒரு மூட்டையைப் பிரித்து, இதன் பூர்வீகம் என்ன என்று கேட்டால், அது விளைந்த வயநாட்டுக் கல்பற்றா வரைக்கும் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். சாதாரண டேட்டாபேஸில் எல்லாம் வரிசையும் கட்டமும்தான். இந்தக் கலப்பையும் பிரிப்பையும் கட்டங்களுக்குள் அடைக்க முயன்று சுல்ஃபத் ஒரு மாதம் திண்டாடினாள். அப்போதுதான் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் என்பதைப் பற்றி எங்கோ படித்தாள். புரோகிராமுக்குள் ஒரு லாட் எந்த உருவத்தில் இருக்கிறதோ, தன் தாய் லாட்டுகளையும் பிள்ளை லாட்டுகளையும் கையில் பிடித்தபடி, அதே உருவத்தில் டிஸ்க்குக்குள் போய் உட்காரும். வெட்டிப் பிரித்துப் போட வேண்டாம், எடுக்கும்போது ஒட்டவும் வேண்டாம்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. பக்கத்து மேஜை அஜீஷிடம், "இது நம்ம நெனைக்கிற மாதிரியே நெனைக்குதுடா" என்றாள். நாலு மாதத்தில் எழுதி முடித்தாள். 2001 ஜூன் முதல் வாரம், மழையோடு மழையாக, புரோகிராம் ஓடத் தொடங்கியது.

மழைக்காலத்தில் மிளகுக்கு எமன் ஈரம். பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு குடோனிலும் தினமும் ஓர் ஆள் கருவியை வைத்து ஒவ்வொரு லாட்டுக்கும் ஈரப்பதம் பார்ப்பான். முன்பு அதைத் தடித்த பதிவேட்டில் எழுதுவார்கள். சுல்ஃபத்தின் யோசனைப்படி அந்தப் பதிவேட்டை நிறுத்தினார்கள். குடோன் வாசலில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். லாட் எண்ணையும் ஈரப்பதத்தையும் தட்டிப் பொத்தானை அழுத்தினால், பச்சை எழுத்தில் ஒரு வரி வரும். சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் குடோனில் அந்த வேலையைச் செய்தவர் குழந்தைசாமி. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம், பதினெட்டு வருஷ சர்வீஸ். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்றாலும், எண்களைத் தட்ட ஒரே காலையில் கற்றுக்கொண்டார்.

ஜூலை மாதம் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, பிரின்டர் ஏதோ மக்கர் செய்கிறது என்று மிளகுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். சுல்ஃபத் போனாள். மழைக்கோட்டோடு கேட்டைத் திறந்துவிட்டவர் குழந்தைசாமி.

"என்ன அண்ணே, நீங்க இங்க?"

"இங்கதான் இப்போ." அவர் லாரி ஒன்றுக்குக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமையிலேர்ந்து."

"ஏன்?"

"மேல போய் மானேஜர்கிட்ட கேளுங்க தங்கச்சி. நான் சொன்னா நல்லா இருக்காது."

மானேஜர் வெங்கிடாசலம் கேட்காமலே சொன்னார். வாங்குகிறவர்கள் மூன்றாம் குடோன் லாட்டுகளின் ஈரப்பத வரலாற்றைக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், ஆறு வாரத்துக்கு ஒரு எண்கூட இல்லை. மற்ற இரண்டு குடோனிலும் அடுக்கடுக்காக இருக்கிறது, மூன்றில் மட்டும் சுத்தமாக வெறுமை.

"ஆறு வாரம் சும்மா உட்கார்ந்துட்டு, தெனமும் பாத்தேன்னு சாதிக்கறார். அன்னைக்கே அந்த ஆளை மாத்திட்டேன். புது ஆள் பாருங்க." அவர் திரையைத் திருப்பினார். "திங்கள், செவ்வாய், புதன். மூணு நாளும் கரெக்டா ஏறியிருக்கு. உங்க கம்ப்யூட்டர் வந்ததாலதான் கள்ளத்தனம் பிடிபட்டது. தாங்க்ஸ்."

சுல்ஃபத் திரையைப் பார்த்தாள். மூன்று நாள் எண்களும் இருந்தன. ஆனாலும் அந்தப் பாராட்டு அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. குழந்தைசாமி பொத்தானை அழுத்துவதை அவளே பல நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஒருநாள் இரண்டு நாள் சோம்பியிருக்கலாம். ஆறு வாரமா?

பிரின்டரைச் சரிசெய்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் எடுத்து வைத்திருந்த டேட்டாபேஸ் நகலை ஒரு சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதைத் தன் கம்ப்யூட்டரில் திறந்தாள். மூன்றாம் குடோனுக்குப் போனாள். புது ஆள் திங்கள், செவ்வாய், புதன் போட்ட எண்கள் அதில் இல்லை.

புதன் சாயங்காலம் எடுத்த நகல் அது. அங்கே மானேஜர் திரையில் இருக்கிறது, இங்கே நகலில் இல்லை. அப்படியென்றால் அந்த எண்கள் ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. டிஸ்க்குக்கு வரவேயில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல சர்வரை நிறுத்துவார்கள். அதோடு போயிற்று.

"அஜீஷ், இங்க வா. ஒண்ணாம் குடோன் எண்ணெல்லாம் எப்படி டிஸ்க்ல இருக்கு? அதே புரோகிராம்தானே?"

அஜீஷ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் லாட் லாட்டாகப் பார்த்தார்கள். ஒன்றில் எல்லாம் இருந்தது, இன்னொன்றில் பாதி இருந்தது. சாயா வந்து ஆறிப்போனது. பதினொரு மணிக்கு அஜீஷ்தான் சொன்னான்: "சுல்ஃபத், இது பாத்தியா? எடம் மாறின லாட்டுக்கெல்லாம் எண்ணு இருக்கு. மாறாத லாட்டுக்கு இல்ல. பாதி இருக்கிறதுல, கடைசியா எடம் மாறின நாள் வரைக்கும் இருக்கு. அப்புறம் இல்ல."

ஒன்றாம் குடோனும் இரண்டாம் குடோனும் படகுத்துறைப் பக்கம். சரக்கு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். மூன்றாம் குடோனில் கிடப்பது நல்ல விலைக்காகக் காத்திருக்கும் மிளகு. அசையாது.

அவளுக்கு விளங்கிவிட்டது. தான் எழுதிய அந்த ஒரு வரிக்கு நேராகப் போனாள். ஒவ்வொரு லாட்டுக்குள்ளும் ஈரப்பத எண்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். புது எண் வந்தால் அந்தப் பட்டியலின் கடைசியில் சேர்ப்பாள். லாட்டின் இடமோ பெயரோ மாறினால் டேட்டாபேஸுக்குத் தெரியும். இந்த லாட் மாறியிருக்கிறது, எழுதி வை என்று குறித்துக்கொள்ளும். ஆனால் லாட்டுக்குள் இருக்கிற சாதாரணப் பட்டியலுக்குள் ஓர் எண் புகுந்தால் அதற்குத் தெரியாது. லாட் பழையபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டு விட்டுவிடும். நடுவில் வேறு காரணத்துக்காக அந்த லாட் இடம் மாறினால், அப்போது முழு லாட்டையும் எழுதும். பட்டியலும் கூடவே ஏறிவிடும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவள் அதைப் படித்துமிருந்தாள். படித்துவிட்டு, தான் அப்படிச் செய்யமாட்டோம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பாவம் அவளுடையது, பழி கேட்டில் மழைக்கோட்டோடு நின்றது.

ராமபத்ரன் கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இப்போ சரி பண்ண எத்தனை நேரம் ஆகும்?" என்றார்.

"அரை மணிக்கூர் சார்."

"அப்போ இன்னிக்கே போட்டுடு. ஓடிட்டிருக்கிற எண்ணெல்லாம் நாளைக்கு சர்வர் நிறுத்தறதுக்கு முன்னாடி டிஸ்க்குக்குப் போயிடும். இனிமே ஒண்ணும் காணாம போகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது."

"அப்போ குழந்தைசாமி அண்ணன்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "சுல்ஃபத், நமக்கு இது ஒரே பெரிய பார்ட்டி. கேட் வேலையும் ஒரு வேலைதானே. சம்பளம் கொறையலியே."

"சம்பளம் கொறையல சார். கள்ளன்னு பேரு வந்திருக்கு. பதினெட்டு வருஷம் வேலை பாத்த மனுஷன். நாம சொல்லலைன்னா அந்தப் பேரு மாறுறதுக்கு வேற வழியே இல்ல."

சுல்ஃபத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சொல்லத்தான் போகிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் வாயால் சொன்னால் வெங்கிடாசலம் என்ன நினைப்பார்? எண்கள் ஏறாமல் போனது கம்ப்யூட்டரின் குற்றம் என்று ஒத்துக்கொள்ளலாம். அந்த ஆள் எண்களைத் தட்டினார் என்பதற்கு என்ன சாட்சி? பதிவேட்டைத்தான் அவளே நிறுத்தியாயிற்றே.

சாப்பிடப் போகும்போது மாடிப்படியிலேயே அவளுக்கு அது தோன்றியது. திரும்பி ஓடினாள். யார் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்று சர்வர் தனியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். டேட்டாபேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுல்ஃபத் ஈரப்பதம் தட்டும் படிவத்தை எழுதும்போது சோம்பல்பட்டு, லாட் எண்ணும் ஈரப்பதமும் பிரவுசரின் முகவரி வரியிலேயே போய் அந்தக் கோப்பில் பதியும்படி விட்டிருந்தாள். அஜீஷ் அப்போதே அதைக் குறை சொல்லியிருந்தான். அந்தச் சோம்பல் இன்று சாட்சிக் கூண்டில் ஏறியது. ஒவ்வொரு தட்டலும் தேதியோடு, மணியோடு, எண்ணோடு அந்தக் கோப்பில் இருந்தது.

ஞாயிறு நீக்கி முப்பத்தைந்து நாள், பதினொரு லாட். ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு ஹர்த்தால் நாள் மட்டும் வெறுமை. அன்று குடோனே திறக்கவில்லை. தினமும் பதினொரு மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்குள் முடித்திருந்தார்.

அவள் சாப்பாட்டை மறந்து அச்செடுத்தாள். கடைசித் தாள் வெளியே வரும்போது ராமபத்ரன் பின்னால் வந்து நின்றார். ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் படித்தார்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குப் போறே?"

"பத்துக்கு சார்."

"நானும் வரேன். தனியாப் போக வேண்டா."

வெங்கிடாசலத்துக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆறு வார எண்கள் போனதற்கா, தான் ஒரு ஆளைத் தவறாக எடை போட்டதற்கா என்பது அவருக்கே தெரியாது. "கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் பண்ணல சார். நான் பண்ணினேன்" என்றாள் சுல்ஃபத். "போன எண்ணெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. இன்னைக்கே திரும்ப ஏத்திடுவேன். வாங்கறவங்களுக்கு நீங்க அனுப்பலாம்."

அவர் தாள்களைப் புரட்டினார். மணி பதினொன்று இரண்டு, பதினொன்று நாலு, பதினொன்று ஐந்து. நாலாவது பக்கத்துக்குப் பிறகு வேகம் குறைந்தது. கடைசியில் தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆள் அனுப்பிக் குழந்தைசாமியைக் கூப்பிட்டார்.

குழந்தைசாமி வாசலிலேயே நின்றார், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"திங்கக்கிழமையிலேர்ந்து மூணாம் குடோன் உம்ம பொறுப்பு" என்றார் வெங்கிடாசலம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் விசாரிச்சிருக்கணும்" என்றும் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

கீழே இறங்கி வரும்போது சுல்ஃபத் குழந்தைசாமியோடு நடந்தாள். "தப்பு என்னோடது அண்ணே. நீங்க போட்டதெல்லாம் உள்ள போகாம வெளியிலேயே நின்னிருக்கு. மன்னிச்சிடுங்க."

"பச்சை எழுத்து வந்துச்சே?"

"வந்தது. அது பொய் சொல்லிருச்சு."

அவர் சிரித்தார். ஐந்து நாளில் அது முதல் சிரிப்பாக இருந்திருக்கும். "அப்போ அந்தப் பச்சை எனக்கு வேண்டாம். இன்னைக்கு எண்ணு போடறப்போ, நேத்து நான் போட்டது பக்கத்துல வரணும். வந்தா உள்ள இருக்குன்னு நானே பாத்துக்குவேன். வரலைன்னா அன்னைக்கே சத்தம் போடுவேன். எங்க பழைய புஸ்தகத்துல நேத்தைய வரி மேலயே இருக்கும்ல?"

அதைவிட நல்ல யோசனை எந்தக் கையேட்டிலும் இல்லை என்று சுல்ஃபத்துக்குத் தோன்றியது. அன்று மதியமே உட்கார்ந்து அதை எழுதினாள். பழைய எண்ணைச் சர்வரின் நினைவிலிருந்து எடுக்காமல், டிஸ்க்கிலிருந்து புதிதாகப் படித்துக் காட்டும்படி எழுதினாள்.

அடுத்த மாதம் அந்தத் தடுமாற்றம் எல்லாம் ஆறிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் நோட்டை எடுத்து, ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் வேலை செய்கிற யாரும் இப்படி விழக்கூடாது என்று தனக்குத் தெரிந்ததை எழுதத் தொடங்கினாள். சாதாரணப் பட்டியலை உள்ளே வைக்காதே. மாறினால் தானே சொல்கிற பட்டியலை வை. வேறு வழியில்லையென்றால், மாற்றியதும் மாறியது என்று நீயே டேட்டாபேஸிடம் சொல். சோதிக்கும்போது எழுதிய இடத்திலேயே படித்துப் பார்த்து ஏமாறாதே. எல்லாவற்றையும் மூடிவிட்டு, மறுபடி திறந்து படி. ஆயிரம் பேர் தொடுகிற ஒரே பெரிய பொருளாக எதையும் செய்யாதே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் ஒருவருடைய வேலை முறியும். ஒரு வேலையைத் தொடங்கினால் சீக்கிரம் முடித்து எழுது, நடுவில் மனிதர் பதிலுக்காகக் காத்திருக்காதே. ஒரு வகைக்கு வைத்த பெயரைப் பிறகு மாற்றினால், பழைய பெயரில் உள்ளே கிடக்கிற பொருள்கள் உன்னை அடையாளம் தெரியாமல் முழிக்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய பெயரையும் கொஞ்ச காலம் உயிரோடு விட்டுவை. பழைய பிரதிகளைக் கழித்து இடத்தை மிச்சப்படுத்தும் முன் நகல் எடு. அந்த நகலைத் திறந்தும் பார்.

அஜீஷ் அதைப் படித்துக் காட்டச் சொன்னான். அவனுக்கு அவளுடைய எழுத்தைப் படிக்க முடியவில்லை. "இத இங்கிலீஷ்ல போடு சுல்ஃபத். நம்மள மாதிரி எத்தனை பேர் எங்கெங்க முழிச்சிட்டிருக்காங்களோ."

இரண்டு வாரம் திருத்தித் திருத்தி ஆங்கிலத்தில் எழுதி, அந்த டேட்டாபேஸை உபயோகிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். குழந்தைசாமியின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி, தன் தப்பைத் தன் தப்பு என்றே எழுதியிருந்தாள். மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் ஒரே சமயத்தில் பதினேழு கடிதங்கள் வந்திருந்தன. பின்லாந்தில் ஒரு நூலகத்தில் வேலை செய்யும் ஒருத்தி, இதே தப்பை நேற்றுவரை செய்துகொண்டிருந்ததாகவும், காலையில்தான் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தாள். ஒருவன் ஆறாவது யோசனையில் சின்னப் பிழை இருக்கிறது என்று சுட்டிக்காட்டினான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சுல்ஃபத் திருத்திக்கொண்டாள்.

2003-இல் கலூரில் ஒரு வாடகை ஹாலில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நாற்பது பேர் கூடினார்கள். சுல்ஃபத்தைப் பேசச் சொன்னார்கள். மலையாளத்தில் தொடங்கி, ஆங்கிலத்தில் போய், சூடு பிடித்ததும் தன்னையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனா முகம்மதுக்கு அந்தப் பகுதி மட்டும் முழுசாகப் புரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நீ பண்ணின தப்பையா இத்தனை பேர் முன்னால சொன்னே?" என்று கேட்டார்.

"ஆமா அத்தா."

"கை தட்டினாங்களே?"

"தட்டினாங்க."

அவர் தோப்பும்படி ஸ்டாப் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார். மறுநாள் கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை ஆஷிக் கும்பளங்கியில் இறால் கட்டு, அதாவது காயல் தண்ணீரைத் தேக்கி இறால் வளர்க்கிற வயல், வைத்திருந்தான். ராமபத்ரன் அவளை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டாஞ்சேரிக்கு வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்து பார்க்கட்டும் என்றார். அப்படியே ஆயிற்று. அந்த ஊரில் மழைக்கு மழை டெலிபோன் லைன் அறுந்துபோகும். அறுந்தால் சுல்ஃபத் நிம்மதியாகப் புரோகிராம் எழுதுவாள். சரியானதும் கடிதங்கள் சேர்ந்தாற்போல வந்து விழும். பிரேசிலிலிருந்து, பூனாவிலிருந்து, எங்கோ பெயர் வாயில் நுழையாத ஊரிலிருந்து.

2006-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பைக் கிழங்கு வெந்து இறங்கியிருந்தது, ஆஷிக் இறால் கட்டிலிருந்து கொண்டுவந்த கரிமீன் சட்டியில் பொரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் புதுக் கடிதம் ஒன்று வந்து நின்றது. திருச்சியிலிருந்து யாரோ ஒருவன். ஒரு பொருளைப் பத்தாயிரம் பேர் ஒரே சமயத்தில் தொடுகிறார்கள், எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தான். கடிதத்தின் அடியில் தமிழ் எழுத்தில் ஒரு வரி வேறு இருந்தது. சுல்ஃபத் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'அக்கா, உங்களுக்குத் தமிழ் தெரியும் என்று சொன்னார்கள்.'

"ஆறிடும், வா" என்று ஆஷிக் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துப் பதில் எழுதுவதற்கு அவளுக்கு ஒரு முழு மத்தியானம் இருந்தது.